பழியைத் தடுக்கும் வால்!

ஒரு வார்த்தையின் கடைசியில் ஒட்டும் சின்ன வால். அது இருந்தால் பத்திரிகை தப்பலாம். இல்லாவிட்டால் நஷ்ட ஈடு கொடுக்க நேரலாம்!

இது கதை அல்ல. தென் அமெரிக்காவில் அர்ஜெண்டினா என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே மக்கள் பேசுவது ஸ்பானிய மொழி. அங்கேதான் இது நடந்தது.

ஒருவர் பல குற்றங்களில் சம்பந்தப்பட்டவர் என்று சில பத்திரிகைகள் பெயரைப் போட்டு எழுதின. பிறகு கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. ஆனால் போன மானம் திரும்பி வருமா? அவர் பத்திரிகைகள் மீது வழக்கு தொடர்ந்தார். 1986-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறியது.

அப்போது நீதிபதிகள் பத்திரிகைகளுக்கு மூன்று வழி காட்டினார்கள். ஒன்று: செய்தியைச் சொன்னது யார் என்று எழுத வேண்டும். அல்லது, "இப்படி இருக்கலாம்" என்ற பொருள் தரும் வினைச்சொல்லைப் போட வேண்டும். அல்லது, ஆளின் பெயரை மறைத்துவிட வேண்டும்.

இரண்டாவது வழியில் வருவதுதான் நமது வால்.

ஒட்டுவது எப்படி?

வாலின் பெயர் "ஈயா". ஒட்டுவது மிகவும் சுலபம்.

ஸ்பானிய மொழியில் "கோம்ப்ரார்" என்றால் வாங்குதல். "கோமெர்" என்றால் சாப்பிடுதல். "பிபிர்" என்றால் வாழ்தல். முழு வார்த்தையை அப்படியே வைத்துக்கொண்டு வாலைச் சேர்க்க வேண்டும். கோம்ப்ராரீயா, கோமெரீயா, பிபிரீயா! மூன்றுக்கும் ஒரே வால்தான்.

நான், அவர் என்றால் "ஈயா". நீ என்றால் "ஈயாஸ்". நாம் என்றால் "ஈயாமோஸ்". அவர்கள் என்றால் "ஈயான்".

சுமார் பத்துப் பன்னிரண்டு வினைச்சொற்கள் மட்டும் உடம்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். "தெனெர்" (வைத்திருத்தல்) என்பது "தெந்த்ரீயா" ஆகும். அங்கேயும் வால் மாறாது.

வாக்குறுதியா, ஆசையா?

"அடுத்த மாதம் வீடு வாங்குவேன்" என்கிறோம். "பணம் இருந்தால் வீடு வாங்குவேன்" என்றும் சொல்கிறோம். தமிழில் இரண்டிலும் "வாங்குவேன்"தான்.

ஸ்பானியரிடம் அப்படி இல்லை. முதலாவது "கோம்ப்ராரே". அது வாக்குறுதி. கையில் பணம் இல்லாதபோது சொல்வது "கோம்ப்ராரீயா". அது வெறும் ஆசை. கடைசி ஒலியைக் கேட்டே கடைக்காரர் புரிந்துகொள்வார்!

மரியாதைக்கும் இந்த வால் உதவும். "மெ குஸ்தாரீயா ஒரு காப்பி" என்று கேட்டால், "ஒரு காப்பி கிடைத்தால் நன்றாக இருக்கும்" என்று பணிவாகக் கேட்பதாகும்.

வால் வந்த வழி

இந்த வால் எங்கிருந்து வந்தது? "அபீயா" என்ற பழைய துணைச்சொல் தேய்ந்து "ஈயா" ஆயிற்று. "வாங்க இருந்தேன்" என்று நாம் சொல்வதைப் போன்றது அது. நெப்ரிகா என்ற அறிஞர் 1492-ம் ஆண்டிலேயே தமது இலக்கண நூலில் இதை எடுத்துக் காட்டினார். கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்ததும் அதே ஆண்டில்தான்!

பத்திரிகையில் என்ன வேலை?

"எஸ்தா" என்றால் "இருக்கிறார்". "எஸ்தாரீயா" என்று செய்தியில் எழுதினால், "இருக்கிறாராம்". அதாவது, இன்னும் உறுதி ஆகவில்லை. நம் "ஆம்" செய்யும் வேலையை அங்கே "ஈயா" செய்கிறது.

அப்படியானால் வாலை ஒட்டிவிட்டு எதை வேண்டுமானாலும் எழுதலாமா? கூடாது! செய்தி முழுவதுமே சந்தேகமாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும், ஒரு வார்த்தை மட்டும் போதாது என்று அந்தக் கோர்ட்டு பின்னர் விளக்கியது.

"திருடினார்" என்பது வேறு. "திருடினாராம்" என்பது வேறு. ஆனால் "ஆம்" போட்டுப் பேசினாலும், போவது ஒருவருடைய மானம்தான்!