தளர்வதும் வேலைதான்!

இதயம் சுருங்கும்போது உழைக்கிறது, தளரும்போது சும்மா இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

ரத்தத்தை வெளியே தள்ளி முடித்ததும், இடது கீழறை முறுக்கிப் பிழிந்த துணி அவிழ்வதுபோல் தளர்கிறது. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் அதன் இரு வால்வுகளும் மூடியிருக்கும். உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கும். உடனே மைட்ரல் வால்வு திறக்கும். மேலறையில் காத்திருக்கும் ரத்தம் உறிஞ்சப்பட்டு, சுழன்றபடி உள்ளே பாயும்.

இளைஞர்களுக்கு, கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் பெரும்பகுதி இந்த முதல் பாய்ச்சலிலேயே வந்துவிடும்.

ரத்தக் கொதிப்பு பல ஆண்டுகள் நீடித்தால் இதயத் தசை தடித்து விறைக்கும். தளர்வது தாமதமாகும். ரத்தம் நுரையீரலில் தேங்கும். சுருங்கும் சக்தி குறையாவிட்டாலும் படி ஏறினால் மூச்சு வாங்கும்.

"வயதாகிவிட்டது" என்று இருந்துவிடக் கூடாது. ரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பது அவசியம். தளர்ச்சிக் கோளாறை "எக்கோ" பரிசோதனை காட்டிவிடும்.