கடல் மீன் தொட்டியில் முளைக்கும் களை

வண்ணமீன் விற்கும் வணிக நண்பர்கள் கவனத்திற்கு: கடல்நீர்த் தொட்டி வாங்கியவர், "கல்லில் பழுப்புப் பூ முளைத்திருக்கிறது" என்று வந்தால், அது பூவன்று, 'அய்ப்டேசியா' என்னும் கடல்சாமந்தி வகை. தொட்டால் சட்டெனச் சுருங்கும். அண்டை உயிர்களைக் கொட்டி வாட்டும்.

இதைப் பிய்க்கவோ நசுக்கவோ கூடாது. விடுபட்ட துணுக்கும் முளைத்துவிடும். மோட்டாரை நிறுத்தி, கலப்பற்ற சுண்ணாம்பைக் குழைத்து ஊசிக்குழலால் அதன் வாயில் வைக்க வேண்டும். ஒரே நாளில் நாலைந்துக்கு மேல் வேண்டாம். நீரில் காரம் ஏறி மீன் சாகும்.

கழித்த கல்லை வெயிலில் நன்கு காயவைத்தே எறியச் சொல்லுங்கள். வளர்ப்புக்கெனக் கொண்டுவந்த 'கப்பாபைகஸ்' பாசி, மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளங்களின்மேல் படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். கடலை நம்பிப் பிழைக்கும் காரைக்கால்மேட்டுக்கு அந்த நிலை வரலாகாது.