பொம்மைக் கப்பலில் கொடி எந்தப் பக்கம் பறக்கணும்?

வீட்டில் இருக்கும் குட்டிகளிடம் பாய்மரக் கப்பல் ஒன்று வரையச் சொல்லிப் பாருங்கள். கப்பல் வலப்பக்கம் போகும். பாயும் வலப்பக்கம் உப்பியிருக்கும். உச்சியில் இருக்கும் கொடி மட்டும் இடப்பக்கமாக, பின்னோக்கிப் பறக்கும். கடைகளில் விற்கும் பல பொம்மைக் கப்பல்களிலும் இதே கதைதான். பார்க்க அழகுதான். ஆனால், ஒரே கப்பலில் பாய்க்கு ஒரு காற்று, கொடிக்கு ஒரு காற்று அடிக்குமா என்ன?

நம் கண்ணுக்குப் பழகியது பைக்கும் காரும். அவற்றை எஞ்சின் இழுத்துப்போகிறது. எதிர்க்காற்று கொடியைப் பின்னால் தள்ளுகிறது. பாய்மரக் கப்பலுக்கோ காற்றுதான் எஞ்சின். பின்னாலிருந்து அடித்துப் பாயைத் தள்ளும் அதே காற்று, கொடியையும் முன்னோக்கித்தான் தள்ளும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் பின்காற்று வீச, கப்பல் 15 கி.மீ. வேகத்தில் போகிறது என்றால், கொடிக்கு மிச்சம் 15 கி.மீ. காற்று. நேர் பின்காற்றில் கப்பலால் காற்றை முந்த முடியாது என்பதால், கொடி பின்னால் திரும்ப வாய்ப்பே இல்லை.

பக்கவாட்டுக் காற்றில் விஷயம் வேறு. கொடி மறுபக்கம் போகும். கப்பலின் வேகத்தால் கொஞ்சம் பின்னோக்கியும் சாயும். ஆக, பின்னால் பறக்கும் கொடி எல்லாமே தப்பில்லை. பாய் எந்தக் காற்றுக்குத் திருப்பப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ரேடியோ இல்லாத காலத்தில் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. கப்பலுக்குக் கப்பல் உத்தரவு போனதே கொடிகள் வழியாகத்தான். 1805 அக்டோபர் 21, ஸ்பெயின் கடலோரத்தில் டிரஃபால்கர் போர். 27 பெரிய போர்க்கப்பல்களோடு பிரிட்டிஷ் படை, பின்னாலிருந்து வந்த மெல்லிய காற்றில் எதிரியை நோக்கி ஊர்ந்தது. ஒவ்வொருவரும் கடமையைச் செய்வார்கள் என இங்கிலாந்து எதிர்பார்ப்பதாக, தளபதி நெல்சன் ‘விக்டரி’ கப்பலில் கொடிகளை ஏற்றச் செய்தார். பின்காற்றில் முன்னோக்கிப் பறக்கும் கொடியைப் பின்னால் வரிசையில் வருபவர் பார்த்தால் என்ன தெரியும்? ஓரம்தான் தெரியும்! இதைச் சமாளிக்கவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ‘யூரியாலஸ்’ போன்ற சிறிய கப்பல்கள் வரிசைக்கு வெளியே, பக்கவாட்டில் வந்தன. தளபதி கப்பலின் கொடிகளைப் பார்த்து, அவற்றையே தங்கள் மரத்திலும் ஏற்றிக் காட்டுவது அவற்றின் வேலை.

மாடல் கப்பல் செய்பவர்கள் இந்தக் கொடி விஷயத்தில் ரொம்பவே கறார். முதலில் பாயைப் பார்த்து, காற்று எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்வார்கள். பிறகு மெல்லிய துணியையோ காகிதத்தையோ தண்ணீர் கலந்த பசையில் நனைத்து, பறப்பதுபோல மடிப்பு வைத்துக் காயவிடுவார்கள். ஒரே கப்பலில் ஐந்து கொடி இருந்தால் ஐந்தும் ஒரே திசை.

இவ்வளவு கணக்கு வேண்டாம் என்பவர்களுக்குச் சுலப வழி ஒன்று உண்டு. பாய்களைச் சுருட்டிக் கட்டி, கப்பலைத் துறைமுகத்தில் நிற்பதாகக் காட்டிவிடலாம். கொடி காற்றில்லாமல் தொங்கினால் போதும்.