700 கிராம் உயிர்!

சிவகிரியில் கரும்பு வெட்டும் தொழிலாளியின் வீட்டில், ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடை ஒரு கிலோகூட இல்லை. மூச்சு இரைக்கிறது, பால் இறங்கவில்லை. ஊரார் என்ன சொல்வார்கள்? "தலையெழுத்து" என்பார்கள்! "முன்வினை" என்பார்கள்! கண் திறக்காத பச்சிளங்குழந்தை யாருக்கு என்ன தீங்கு செய்தது, தண்டனை பெறுவதற்கு?

கோளாறு தலையிலே இல்லை, தோழர்களே, நெஞ்சிலே இருக்கிறது!

கருவிலே நுரையீரலுக்கு மூச்சு வாங்கும் வேலை இல்லை. எனவே நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயையும் உடலுக்குச் செல்லும் பெருங்குழாயையும் இணைத்து, இயற்கை ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. நிறைமாதக் குழந்தைக்கு இரண்டு மூன்று நாளில் அது தானே மூடும். குறைமாதக் குழந்தைக்குப் பலவேளை மூடுவதில்லை. அடைக்காத மதகு வயலை மூழ்கடிப்பதுபோல், இரத்தம் நுரையீரலில் பெருகுகிறது, இருதயம் களைக்கிறது.

சிலருக்கு நாளடைவில் தானே மூடும். சிலருக்கு மருந்து போதும். இரண்டும் பலிக்காவிட்டால்?

1938-ல் பாஸ்டன் நகரில் டாக்டர் ராபர்ட் கிராஸ், 7 வயதுச் சிறுமியின் மார்பைத் திறந்து அந்தக் குழாயைக் கட்டினார். 1967-ல் கிழக்கு பெர்லினில் டாக்டர் போர்ஸ்ட்மன், மார்பைத் திறக்காமலே, தொடை இரத்தக் குழாய் வழியாக அடைப்பானை அனுப்பி மூடிக் காட்டினார். 2019 ஜனவரியில், பட்டாணியிலும் சிறிய கம்பிவலை அடைப்பானை 700 கிராம் குழந்தைக்கும் பொருத்தலாம் என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி தந்தது. தொடையிலே சிறு துளை. உள்ளே மெல்லிய குழாய். நெஞ்சிலே கத்தி இல்லை! ஆபத்தே இல்லையா? உண்டு. அதனால்தான் பழகிய கை வேண்டும்.

கத்தி வேண்டாத காலம் வந்துவிட்டது. காசு வேண்டாத காலம்?

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிறவி இருதயக் கோளாறுக்கான சிகிச்சைகளும் உள்ளன. பட்டியலில் இடம் இருந்தால் போதுமா? பக்கத்திலும் இருக்கவேண்டாமா? தென்மாவட்டத்து ஏழைக்கு எட்டும் தொலைவில், நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலே, இந்தச் சிகிச்சை எந்நாளும் கிடைக்கவேண்டும். இது சலுகை அல்ல, உரிமை!

கிளைத் தோழர்களுக்கும் கடமை உண்டு. குறைமாதக் குழந்தை மூச்சு இரைத்தால், பால் குடிக்கையில் களைத்தால், மந்திரிக்க விடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். "இருதயத்தை ஸ்கேன் பார்த்தீர்களா?" என்று மருத்துவரைக் கேளுங்கள். குடும்ப அட்டையும் காப்பீட்டு அட்டையும் கையோடு செல்லட்டும்.

மாளிகையில் பிறந்தாலும் குடிசையில் பிறந்தாலும் நெஞ்சின் அந்தக் கதவு ஒன்றுதான். அதை மூடும் கை மாளிகைக்கு மட்டுமே நீளுவதை நாம் ஒப்பமாட்டோம்!