விளையாட்டுப் பண எரிதம்

விளையாட்டுப் பண எரிதம் என்பது, பலர் கூடி ஆடும் இணைய விளையாட்டுகளில் ஆட்டக்காரர்கள் கேட்காமலே அவர்களுக்கு வந்து சேரும் ஒருவகை விளம்பரச் செய்தி ஆகும். விளையாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் பொன், நாணயம் முதலியவற்றை உண்மையான பணத்துக்கு விற்பதாக இச்செய்திகள் கூறுகின்றன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ரூன்ஸ்கேப் போன்ற விளையாட்டுகளில் இது நெடுங்காலமாக இருந்துவரும் சிக்கலாகும். பலர் இதை ஒரு சிறு தொல்லையாக மட்டுமே கருதுகின்றனர். ஆனால் இதன் பின்னணியில் கணக்குத் திருட்டும் கடனட்டை மோசடியும் உள்ளன. எரிதம் அனுப்பும் கணக்கை நீக்குவதால் மட்டும் இது ஓய்வதில்லை. வாங்குவோர் இருக்கும்வரை விற்போர் புதிய கணக்குகளுடன் திரும்பி வருகின்றனர்.

பின்னணி

இவ்வகை விளையாட்டுகளில் ஒரு நல்ல வாளோ குதிரையோ வாங்கப் பொன் தேவைப்படும். பொன் சேர்க்கப் பல மணி நேரம் ஆட வேண்டும். நேரம் குறைவாகவும் கையில் பணம் கூடுதலாகவும் உள்ள ஆட்டக்காரர் அந்த உழைப்பை விலை கொடுத்து வாங்க விரும்புகிறார். இந்த வணிகத்தின் தோற்றம் இதுவே.

1997இல் வெளிவந்த அல்டிமா ஆன்லைன், 1999இல் வெளிவந்த எவர்குவெஸ்ட் ஆகியவற்றின் பொருள்கள் ஈபே ஏலத்தளத்தில் விற்கப்பட்டன. எவர்குவெஸ்டின் கற்பனை உலகமான நோராத்தின் பொருளாதாரத்தை ஒரு நாட்டின் பொருளாதாரத்தைப் போலவே கணக்கிட்டு, எட்வர்டு காஸ்ட்ரோனோவா என்ற பொருளியலாளர் 2001இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 2007இல் ஈபே இத்தகைய பொருள்களின் ஏலத்தைத் தன் தளத்தில் நிறுத்தியது. வணிகம் தனி விற்பனைத் தளங்களில் தொடர்ந்தது. வாங்குவோரை அத்தளங்களுக்கு அழைத்துவர, விளையாட்டின் உள்ளேயே கூவி விற்கும் பழக்கம் பெருகியது.

பொன் வரும் வழிகள்

விற்கப்படும் பொன் பெரும்பாலும் மூன்று வழிகளில் சேர்க்கப்படுகிறது.

முதல் வழி கூலி ஆட்டம். குறைந்த ஊதியத்துக்கு ஆள்களை அமர்த்தி நாள் முழுதும் ஆடச் செய்வது இது. உலகில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் இத்தொழிலில் இருந்ததாகவும் அவர்களில் பெரும்பாலோர் சீனாவில் இருந்ததாகவும் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்டு ஹீக்ஸ் 2008இல் மதிப்பிட்டார்.

இரண்டாவது தானியங்கி நிரல். 'பாட்' எனப்படும் இந்நிரல் மனிதர் துணையின்றி ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து பொன் சேர்க்கும்.

மூன்றாவது கணக்குத் திருட்டு. கடவுச்சொல்லைத் திருடியவர், அந்தக் கணக்கில் உள்ள பொருள்களையெல்லாம் விற்றுப் பொன்னாக்கி வேறு கணக்குக்கு மாற்றிவிடுகிறார். குழுவின் பொதுச் சேமிப்பில் கைவைக்க அந்தக் கணக்குக்கு உரிமை இருந்தால் அதுவும் காலியாகும். பின்னர் வெறுமையான அதே கணக்கு எரிதம் அனுப்பவும் பயன்படுகிறது. ஆகவே எரிதம் எந்தப் பெயரில் வருகிறதோ அந்தப் பெயருக்கு உரியவரே திருட்டுக்கு ஆளானவராக இருக்கக்கூடும்.

மலிவாகப் பொன் வாங்கும் ஒருவர், தம் நண்பரிடம் திருடப்பட்ட பொன்னையே வாங்குகிறாரா என்பதை அறிய வழியில்லை.

எரிதத்தின் வடிவங்கள்

பொது அரட்டையில் ஒரே செய்தியை அடுக்கடுக்காக இடுவது பழைய முறை. தனிச் செய்தி, விளையாட்டுக்குள் உள்ள அஞ்சல், குழுவில் சேர அழைப்பு ஆகியவை பிற முறைகள். சொற்களைத் தேடி வடிகட்டும் நிரல்களை ஏமாற்ற, எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விடுவதும் எழுத்துக்குப் பதில் எண்ணை இடுவதும் உண்டு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் புதிதாக உருவாக்கிய பாத்திரங்களைக் கூட்டமாக உயரத்திலிருந்து விழச் செய்து, தரையில் கிடக்கும் உடல்களால் தளத்தின் பெயரையே எழுதிக் காட்டிய விளம்பரங்களும் தோன்றின. அரட்டை வடிகட்டிகளால் இவற்றைத் தடுக்க இயலவில்லை.

ஆட்டக்காரர் செய்ய வேண்டியவை

எரிதத்துக்கு மறுமொழி எழுதாமல் இருப்பது முதற்படி. திட்டி எழுதினாலும், மறுமுனைக்கு அது 'இங்கே ஒருவர் செய்தியைப் படிக்கிறார்' என்றுதான் தெரிவிக்கும்.

இரண்டாவது, விளையாட்டிலேயே உள்ள முறையீட்டு வசதியைப் பயன்படுத்துவது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2007 மே மாதப் புதுப்பிப்பில் இவ்வசதி சேர்க்கப்பட்டது. அனுப்பியவரின் பெயர்மீது வலச்சொடுக்கு செய்து முறையிட்டால், செய்தி நிறுவனத்துக்குச் செல்லும்; அந்த நபரின் பேச்சும் முறையிட்டவருக்குத் தெரியாமல் மறையும். புறக்கணிப்புப் பட்டியலில் மட்டும் சேர்த்தால் ஒருவருக்குத் தொல்லை நீங்கும். முறையிட்டால் பிறருக்கும் நீங்க வாய்ப்புண்டு.

மூன்றாவது, செய்தியில் உள்ள முகவரிக்குச் செல்லாதிருப்பது. 'உங்கள் கணக்கு விசாரணையில் உள்ளது, இங்கே உள்நுழையவும்' என நிறுவன ஊழியர்போல் வரும் செய்திகள் கடவுச்சொல்லைப் பறிப்பதற்கானவை. எந்த ஊழியரும் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை.

நான்காவது, இருபடி உறுதிப்பாட்டை இயக்குவது. பிளிசார்ட் நிறுவனம் 2008இல் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணைக் காட்டும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் அது கைப்பேசிச் செயலியாகவும் வந்தது. கடவுச்சொல் திருடு போனாலும் அந்த எண் இல்லாமல் உள்நுழைவது கடினம். இதை ஊக்குவிக்க, கருவியை இணைத்தவர்களுக்கு விளையாட்டில் ஒரு செல்லப் பிராணி பரிசாக வழங்கப்பட்டது.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முதன்மையானது, பொன் வாங்காதிருப்பது. விதிகளின்படி விற்பவர் கணக்கு மட்டுமன்றி வாங்குபவர் கணக்கும் முடக்கப்படலாம். விற்பவருக்கு ஒரு கணக்கு போனால் மற்றொன்று உண்டு. வாங்குபவருக்கோ பல ஆண்டு உழைப்பு போகும்.

நிறுவனங்களின் நடவடிக்கைகள்

எரிதம் அனுப்புவோருக்கு வேண்டியது செலவில்லாத கணக்கு. எனவே வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இலவச முன்னோட்டக் கணக்குகள் பொது அரட்டையில் பேசுவதும் அஞ்சல் அனுப்புவதும் வணிகம் செய்வதும் தடுக்கப்பட்டன. இதனால் உண்மையான புதியவர் ஒருவர் பொது அரட்டையில் வழி கேட்கவும் முடியாமல் போனது.

2016இல் இதே விளையாட்டில், பலர் முறையிட்டு அது விசாரணையில் உறுதியானால் கணக்கைப் பேசவிடாமல் செய்யும் தண்டனை அறிமுகமானது. முதல் முறை 24 மணி நேரம். பின்னர் ஒவ்வொரு முறையும் இருமடங்கு. பழைய கணக்கை இழக்க விரும்பாதவரை இது திருத்தும். எரிதத்துக்காகவே தொடங்கப்பட்ட கணக்குக்கு இது பெரிய இழப்பன்று.

சட்டத்தையும் நிறுவனங்கள் நாடின. பியான்ஸ் ஃபார் ஹயர் என்ற பெயரில் இயங்கிய விற்பனைத் தளத்தின்மீது பிளிசார்ட் 2007இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. விளையாட்டின் அரட்டையில் விளம்பரம் செய்ய அத்தளத்துக்கு 2008இல் நிரந்தரத் தடை கிடைத்தது.

ரூன்ஸ்கேப் தந்த படிப்பினை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஜாகெக்ஸ் நிறுவனத்தின் ரூன்ஸ்கேப் விளையாட்டில், பொன் விற்போர் திருட்டுக் கடனட்டைகளால் உறுப்பினர் கட்டணம் செலுத்தினர். அட்டைக்கு உரியவர் முறையிட்டபோது இழப்பு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. 2007 இறுதியில் தொடங்கி நிறுவனம் கடுமையான மாற்றங்களைச் செய்தது. இருவர் பண்டமாற்றும்போது இருபக்க மதிப்பும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும் என விதித்தது. காட்டுப்பகுதியில் ஒருவரை வீழ்த்தி அவர் பொருளை எடுக்கும் வழக்கமும் நீக்கப்பட்டது.

விற்பவர் பொன்னை ஒப்படைக்கும் வழியே அடைபட்டதால் வணிகம் தளர்ந்தது. ஆனால் நண்பனுக்கு ஒரு பொருளைப் பரிசளிக்கவும் இயலாத நிலை வந்தது. ஆட்டக்காரர்கள் விளையாட்டுக்குள்ளேயே திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர், பலர் விலகினர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் நடந்த வாக்கெடுப்பில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவாயின. அவற்றில் 91 விழுக்காடு தடையற்ற வணிகம் திரும்ப வேண்டும் என்றன. 2011 பெப்ரவரி 1 அன்று பழைய முறை திரும்பியது. தானியங்கி நிரல்களும் உடன் திரும்பின. அவற்றை ஒடுக்க அதே ஆண்டு அக்டோபரில் பெருந்திரளான கணக்குகளை நிறுவனம் ஒரேயடியாக முடக்க வேண்டியதாயிற்று.

அதிகாரப்பூர்வச் சீட்டு முறை

வாங்கும் ஆவலை ஒழிக்க முடியாது. அதற்கு நேர்வழி ஒன்றைத் திறந்துவிடலாம் என்பது மற்றோர் அணுகுமுறை. ஈவ் ஆன்லைன் 2008இல் 'பிளெக்ஸ்' சீட்டையும், ரூன்ஸ்கேப் 2013இல் 'பாண்ட்' சீட்டையும், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2015 ஏப்ரலில் 'டோக்கன்' சீட்டையும் கொண்டுவந்தன.

டோக்கன் முறையில், பணமுள்ளவர் அமெரிக்காவில் 20 டாலருக்கு ஒரு சீட்டை நிறுவனத்திடம் வாங்கி, விளையாட்டின் ஏலக்கூடத்தில் பொன்னுக்கு விற்பார். நேரமுள்ளவர் தாம் சேர்த்த பொன்னால் அதை வாங்கி 30 நாள் ஆடும் உரிமை பெறுவார். அந்தச் சீட்டை மறுபடி விற்க முடியாது. புதிய பொன் எதுவும் உருவாவதில்லை. உழைத்துச் சேர்த்தவரிடமிருந்து வேண்டியவருக்குக் கைமாறுகிறது. இதில் திருட்டுப் பொன் வாங்கும் அச்சமும் கணக்கு முடக்கப்படும் அச்சமும் இல்லை.

இம்முறைக்கும் எதிர்ப்பு உண்டு. உழைத்துப் பெற வேண்டியதைப் பணத்தால் பெற நிறுவனமே வழிசெய்கிறது என்பது அந்த வாதம். மேலும், கள்ளச் சந்தைக்காரர் சீட்டின் விலையைவிட மலிவாகப் பொன்னைத் தர முடிந்தால் எரிதம் தொடரவே செய்கிறது. அந்த மலிவு விலையின் மீதியை, கணக்கை இழந்த இன்னோர் ஆட்டக்காரர் செலுத்தியிருக்கக்கூடும்.