வழுக்காத பிடி

வாயை அகட்டியும் குறுக்கியும் வைத்துக்கொள்ளும் பிளையர் நூறாண்டுக்கு முன்பே உண்டு. ஒட்டினாற்போல இரண்டு துளைகள், குறுக்கே ஓர் ஆணி. அவ்வளவுதான் அதன் அமைப்பு. பெரிய நட்டு என்றால் ஆணியை அடுத்த துளைக்குத் தள்ளுவார்கள். வாய் அகலும், ஆனால் தாடைகள் கோணிக்கொண்டு நிற்கும். பலமாக அமுக்கினால் முழுப் பாரமும் அந்த ஒற்றை ஆணியில் இறங்கும்.

1933-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மீட்வில் என்ற சிற்றூரில் இதற்கு வழி பிறந்தது. சாம்பியன் டிஆர்மென்ட் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஹோவர்ட் மானிங், பிளையரின் ஒரு பாதியில் வளைவான காடிகளை வெட்டினார். மறுபாதியில் அந்தக் காடிக்குள் உட்காரும் மேடு. பாரம் ஆணியை விட்டுக் காடியின் சுவருக்கு மாறியது. எந்த அளவில் வைத்தாலும் தாடைகள் ஏறக்குறைய இணையாகவே நின்றன. பிளையருக்கு இட்ட சேனல்லாக் என்ற பெயரையே 1963-இல் கம்பெனியும் சூட்டிக்கொண்டது. உலகெங்கும் கடைகளில் தொங்கும் பம்ப் பிளையர் எனப்படும் இவ்வகை மலிவுப் பிளையர்களில் பெரும்பாலானவை இன்றும் மானிங்கின் வழியில் வந்தவைதான்.

அன்று மலிவுச் சரக்கின் குறை இரும்பிலேயே இருந்தது. பல் மழுங்கும், காடி தேயும். இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டபாரியா பிளையரை வீட்டில் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. விலை வித்தியாசம் இப்போது இரு பாதிகளும் சேரும் மூட்டுக்கு இடம் மாறிவிட்டது.

ஜெர்மனியின் வூப்பர்டாலில் 1882 முதல் இயங்கும் க்னிபெக்ஸ் கம்பெனியின் கோப்ரா பிளையர் பல ஆயிரம் ரூபாய். அதில் ஒரு கைப்பிடி மற்றதன் நடுவே துளைத்துக்கொண்டு போகிறது. இருபுறமும் தாங்கல் இருப்பதால் பக்கவாட்டில் ஆட்டம் இல்லை. பொத்தானை அமுக்கி, தாடையை நட்டின்மேலேயே வைத்து அளவு சரிசெய்யலாம். பத்து அங்குலப் பிளையரில் 25-க்குக் குறையாத நிலைகள். பழைய காடி வகையில் ஐந்தாறு இருந்தாலே அதிகம். நட்டு இரண்டு நிலைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் கை அகலமாக விரிந்து பிடி தளரும். கோப்ராவின் பற்கள் ராக்வெல் அளவில் 61 வரை கடினப்படுத்தப்பட்டவை, சுழலும் திசைக்கு எதிராகச் சாய்ந்தவை. திருப்பத் திருப்பக் குழாயைத் தானே இறுகக் கவ்வும். கைப்பிடியை நெரிக்க வேண்டியதில்லை. சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒற்றைக் கையால் வேலை செய்யும் பிளம்பருக்கு இதன் அருமை தெரியும். தினம் இதில் பிழைப்பவர் அந்த விலையைத் தயங்காமல் கொடுக்கலாம் என்பதே என் கருத்து.

நம் ஊரில் வேலையும் மாறிவிட்டது. ஜி.ஐ. பைப் காலத்தில் சணல் சுற்றி, பைப் ரெஞ்சைப் போட்டு முறுக்குவதுதான் பெரும்பாடு, பிளையர் எடுபிடி. பிவிசியும் சிபிவிசியும் பசையில் ஒட்டிக்கொள்வதால், மிச்சமிருக்கும் திருகல் வேலை குழாயடி நட்டிலும் கீசர் இணைப்பிலும்தான். அங்கெல்லாம் குரோம் பூச்சு. எத்தனை விலை கொடுத்து வாங்கிய பல்லானாலும் அதில் கீறல் போடும். அதற்கென்றே பல்லில்லாத, வழுவழுப்பான இணைத் தாடை கொண்ட பிளையர் ரெஞ்சும் க்னிபெக்ஸிடமே உண்டு. அதன் விலை இன்னும் கூடுதல். வருடத்துக்கு இரண்டு நட்டு திருகும் வீட்டுக்கு அது வேண்டாம். மலிவு பிளையரோடு ஒரு துணித்துண்டு போதும்.

மலிவில் வாங்குவதானால் கடையிலேயே வாயை முழுக்கத் திறந்து, இரு கைப்பிடிகளையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பிறகு ஒரு காடியில் நிறுத்தி அமுக்கிப் பாருங்கள். மேடு காடியின் விளிம்பில் ஏறினால், வேறொன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பெட்டியில் இருப்பவற்றிலேயே ஒன்று தளர்வாகவும் அடுத்தது கச்சிதமாகவும் இருக்கும்.