பூட்டு வந்தும் பூட்டாத கதவு

2017 மே 12, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் கணினிகள் திடீரென முடங்கின. கோப்புகளை மீட்கப் பணம் கேட்டுத் திரையில் அறிவிப்புத் தோன்றிற்று. ‘வான்னாக்ரை’ எனும் நச்சுநிரல் செய்த தீங்கு அது. சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும் குறிக்கப்பட்டிருந்த சுமார் 19,000 முன்பதிவுகள் ரத்தாயின என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

வேதனை யாதெனில், அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. பூட்டு கைக்கு வந்து இரண்டு மாதமாகியும் கதவு பூட்டப்படவில்லை!

அந்நிறுவனம் 2003 முதல் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்று இத்தகைய திருத்தங்களை வெளியிட்டு வருகிறது. சில மாதங்களில் அவை நூறையும் தாண்டும். சோதித்துப் பாராமல் அனைத்தையும் ஒரே நாளில் பொருத்துதல் பெரிய நிறுவனங்களுக்கு இயலாது. ஆகவே வரிசை வகுத்தல் இன்றியமையாதது. திருடர் ஏற்கெனவே நுழையத் தொடங்கிவிட்ட ஓட்டை முதலாவது. இணையத்தை நேரே நோக்கி நிற்கும் கணினி அடுத்தது. ஏனையவை அதன் பின்னரே.

இல்லங்களுக்கோ இவ்வரிசையும் வேண்டுவதில்லை. கைபேசியிலும் கணினியிலும் தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வைத்தால் போதும். ‘நாளை பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்கும் பழக்கமே திருடனுக்குத் திறந்த வாசல் அன்றோ?